46 வயதில் வேலை மாற்றம்: ஃபிரஷர் என்றும் எடுக்க மாட்டேன் என்கிறார்கள், அனுபவஸ்தர் என்றும் எடுக்க மாட்டேன் என்கிறார்கள்

நூல்மில்காரர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கோவைப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் 22 வருடம் வேலை பார்த்தேன். டெக்ஸ்டைல் டிப்ளமோ முடித்து டிரெய்னியாகச் சேர்ந்தவன், கடைசியில் நூல் தரத்தைச் சோதித்துக் கண்காணிக்கும் எஸ்.கியூ.சி. பிரிவுக்கே பொறுப்பாக இருந்தேன். பஞ்சு விலையும் கரண்ட் கட்டணமும் ஏறிக்கொண்டே போக, நூல் விலை மட்டும் ஏறவில்லை. முதலில் ஒரு ஷிஃப்டை நிறுத்தினார்கள், அப்புறம் மில்லையே மூடிவிட்டார்கள். இப்போது எனக்கு 46 வயது. மகள் பிளஸ் டூ படிக்கிறாள்.

இன்னொரு மில்லுக்குப் போக வேண்டாம் என்று யோசித்துத்தான் முடிவெடுத்தேன். காந்திபுரத்தில் ஒரு இன்ஸ்டிடியூட்டில் டேட்டா அனலிடிக்ஸ் படித்தேன். எக்செல், எஸ்க்யூஎல், பவர் பிஐ எல்லாம் சொல்லித் தந்தார்கள். பாடம் எனக்குக் கஷ்டமாக இல்லை. எண்களோடுதானே இத்தனை வருடம் இருந்தேன்.

கஷ்டம் படிப்பு முடிந்த பிறகுதான் ஆரம்பித்தது. சேரும்போது பிளேஸ்மென்ட் உதவி எல்லோருக்கும் உண்டு என்றவர்கள், முடித்ததும் கடந்த 3 வருடத்தில் டிகிரி வாங்கியவர்களைத்தான் கம்பெனிகள் கேட்கின்றன என்கிறார்கள். நானே ஆன்லைனில் விண்ணப்பித்தால், படித்து முடித்த வருடம் என்ற கட்டத்தில் என் வருடமே இல்லை. அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகவும் முடியாது. சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் டெஸ்டில் தேறி நேர்முகம் வரை போனேன். பாடத்தில் கேட்ட கேள்விகள் கொஞ்சம்தான். மீதி நேரமெல்லாம் "உங்க டீம் லீடுக்கு 27 வயசு, அவர் சொன்னா கேப்பீங்களா?", "நைட் ஷிஃப்ட் உடம்பு தாங்குமா?", "இந்தச் சம்பளத்துல எத்தனை நாள் இருப்பீங்க?" என்றே போனது. நான் மில்லில் மூன்று ஷிஃப்டும் பார்த்தவன். அதை அவர்கள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

சரி, அனுபவஸ்தர்களுக்கான வேலைக்குப் போடலாம் என்றால், சம்பந்தப்பட்ட துறையில் அனுபவம் இல்லை என்று பதில் வருகிறது. வயது என்று வரும்போது என் 22 வருடத்தையும் எண்ணுகிறார்கள். அனுபவம் என்று வரும்போது அதே 22 வருடத்தைப் பூஜ்யம் என்கிறார்கள். இதுதான் மனதை அறுக்கிறது.

விளம்பரத்தில் "வயது 30-க்குள்" என்று போடுவது சட்டப்படி சரியா? ரெஸ்யூமேயிலிருந்து பிறந்த தேதியை எடுத்துவிடலாமா? இதே வழியில் போய் ஜெயித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?


ரெக்ரூட்டர் சென்னை எழுதியது:

சார், நான் ஆள் எடுக்கும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். உள்ளே நடப்பதை அப்படியே சொல்கிறேன்.

பெரும்பாலான கம்பெனிகள் எழுத்தில் வயதைப் போட மாட்டார்கள். மெயிலில் வரும் வேலை விவரம் சுத்தமாக இருக்கும். பத்து நிமிடத்தில் போன் வரும்: "முப்பதுக்குள்ள பாருங்க." வேலைவாய்ப்புத் தளங்களில் எங்கள் பக்கத்துத் திரையில் வயதுக்கும் பட்டம் வாங்கிய வருடத்துக்கும் தனித்தனியாக ஃபில்டர் இருக்கிறது. அதை ஒருமுறை தட்டினால் உங்கள் ரெஸ்யூமே யார் கண்ணிலும் படாது. உங்களை யாரும் நிராகரிக்கவில்லை சார், யாரும் பார்க்கவே இல்லை. இந்த இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. நிராகரித்தால் காரணம் கேட்கலாம். பார்க்காதவரிடம் என்ன கேட்பது?

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்றால், சர்வீஸ் கம்பெனிகளின் கணக்கே அடியில் நிறைய ஃபிரஷர், மேலே சில சீனியர் என்ற அமைப்பில்தான் நிற்கிறது. அடியில் ஒருவருக்கு வருடம் மூன்று, மூன்றரை லட்சம். அந்த இடத்துக்கு 46 வயதுக்காரர் வந்தால் முதலில் சம்பளத்தை நினைத்துப் பயப்படுகிறார்கள். நீங்கள் அதே சம்பளத்துக்குச் சம்மதம் என்று சொன்னாலும் நம்புவதில்லை, நல்லது கிடைத்ததும் போய்விடுவார் என்கிறார்கள். இதைச் சொல்லும் அதே மேனேஜரின் டீமில் 24 வயதுப் பிள்ளைகள் வருடத்துக்கு ஒருவர் வீதம் வேறு கம்பெனிக்குத் தாவிக்கொண்டுதான் இருப்பார்கள். குரூப் இன்ஷூரன்ஸ் பிரீமியம் வயதோடு ஏறும் என்பது இன்னொரு காரணம், அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். மூன்றாவது, அந்த 27 வயது லீடின் தயக்கம். அப்பா வயதுக்காரரிடம் எப்படி வேலை வாங்குவது என்று உண்மையிலேயே அவருக்குத் தெரியாது. அதை உங்கள் குறையாக எழுதிவிடுகிறார்.

பிறந்த தேதியைத் தாராளமாக எடுத்துவிடுங்கள். அப்பா பெயர், திருமணமானவரா, பத்தாம் வகுப்பு எந்த வருடம், எதுவும் முதல் கட்டத்தில் தேவையில்லை. ஆனால் படிவத்தில் கட்டாயமாகக் கேட்டால் பொய்யான வருடம் போடாதீர்கள். பின்னணி சரிபார்ப்பில் தெரிந்தால் வேலையும் போகும், பெயரும் போகும்.


நேர்பட எழுதியது:

கேட்கக் கசப்பாக இருக்கும், ஆனாலும் சொல்கிறேன். கம்பெனி நடத்துபவர் லாபம்தான் பார்ப்பார். ஒரே வேலை, ஒரே சம்பளம், இரண்டு பேருக்கும் அனுபவம் இல்லை என்றால் 23 வயதுப் பையனைத்தான் நானும் எடுப்பேன். அவன் வேகமாகக் கற்றுக்கொள்வான், குடும்பப் பொறுப்பு கிடையாது, இன்னும் முப்பது வருடம் துறையில் இருப்பான். இதைப் பாகுபாடு என்று சொல்ல முடியாது. 46-ல் துறை மாறுவது அவரவர் எடுத்த முடிவு, அதன் விலையையும் அவர்தான் கொடுக்க வேண்டும்.


சாக்பீஸ் எழுதியது:

நேர்பட அவர்களே, மில் மூடியது அவர் எடுத்த முடிவு இல்லை. "குடும்பப் பொறுப்பு கிடையாது" என்பதைத் தகுதியாகச் சொல்கிறீர்களே, இதே வாக்கியத்தை என்னிடம் எத்தனை பள்ளிகளில் சொல்லியிருக்கிறார்கள் தெரியுமா?

எனக்கு 44. பிபிஓ-வில் வேலை பார்த்தேன். இரண்டாவது குழந்தைக்குப் பிறகு விட்டுவிட்டு, அப்புறம் பி.எட். முடித்தேன். ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டும் தேறிவிட்டேன். தனியார் மெட்ரிக் பள்ளிகளில் நேர்முகத்துக்குப் போனால், பாடம் நடத்திக் காட்டச் சொல்வதற்கு முன்பே "நாள் பூரா நிக்க முடியுமா மேடம்?" என்கிறார்கள். ஒரு தாளாளர் நேராகவே சொன்னார், பெற்றோர்கள் இளம் ஆசிரியைகளைத்தான் விரும்புகிறார்களாம். 25 வயதில் போனால் கல்யாணமாகிப் போய்விடுவீர்கள், 32-ல் போனால் குழந்தை சின்னதாக இருக்கிறது, 44-ல் போனால் வயதாகிவிட்டது. எங்களுக்கு எந்த வயதுதான் சரியான வயது?

அரசுப் பள்ளிப் பக்கம் பார்த்தால், 2020-ல் ஆசிரியர் நியமனத்துக்குப் பொதுப் பிரிவுக்கு 40, மற்றவர்களுக்கு 45 என்று உச்ச வரம்பு கொண்டுவந்தார்கள். டெட் தேறி வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் எல்லாம் ஒரே அரசாணையில் வெளியே நின்றார்கள். அவர்கள் விடாமல் போராடித்தான் 2023-ல் அது 53, 58 என்று உயர்ந்தது. டெட் சான்றிதழும் முன்பு 7 வருடம்தான் செல்லும், 2021-ல்தான் ஆயுள் முழுக்கச் செல்லும் என்று மாற்றினார்கள். கேட்டதால்தான் கிடைத்தது. விலையை நீயே கொடு என்று அவர்கள் அன்று ஒதுங்கியிருந்தால் எனக்கு இன்று அந்தக் கதவும் இல்லை.


மதுரை வக்கீல் எழுதியது:

நூல்மில்காரர் சாரின் சட்டக் கேள்விக்கு வருகிறேன். தனியார் வேலைவாய்ப்பில் வயதைக் காரணம் காட்டி ஒதுக்குவதைத் தடுக்கும் பொதுவான சட்டம் நம் நாட்டில் இல்லை. அரசியலமைப்பின் 15, 16-ஆம் பிரிவுகள் மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் இவற்றைச் சொல்கின்றன, வயதைச் சொல்லவில்லை. அந்தப் பிரிவுகளும் பெரும்பாலும் அரசை நோக்கியவை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2019-ஆம் ஆண்டின் திருநர் சட்டம் போன்றவை தனியாரையும் கட்டுப்படுத்துகின்றன. வயதுக்கு அப்படி எதுவும் இல்லை. அதனால் "30-க்குள்" என்ற விளம்பரத்தை மட்டும் வைத்து வழக்குப் போட்டு நிற்க முடியாது. வருத்தமான பதில்தான்.

அமெரிக்காவில் 1967-லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது, 40 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. ரெக்ரூட்டர் சொன்ன ஃபில்டர் விஷயத்துக்கு நேரான வழக்கு ஒன்றும் அங்கே நடந்தது. ஐடியூட்டர் குரூப் என்ற ஆன்லைன் பாட நிறுவனத்தின் மென்பொருள் 55 வயதைத் தொட்ட பெண்களையும் 60-ஐத் தொட்ட ஆண்களையும் தானாகவே தள்ளியது என்பது குற்றச்சாட்டு. ஒரு பெண் அதே விவரங்களோடு பிறந்த தேதியை மட்டும் இளமையாக மாற்றிப் போட்டார், நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. 2023-ல் 3,65,000 டாலருக்குச் சமரசம் ஆனது. நம் ஊரில் இதே மாதிரி ஒருவர் கண்டுபிடித்தாலும் எடுத்துக்கொண்டு போவதற்கு ஒரு வாசல் இல்லை, அதுதான் பிரச்சினை.

ஆனால் சார், உங்கள் பழைய மில் விஷயத்தில் உங்களுக்கு உரிமை இருக்கலாம். 2025 நவம்பர் 21-க்கு முன் மில்லை மூடியிருந்தால், அப்போது நடைமுறையில் இருந்த 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டப்படி முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு உண்டு. வாங்கினீர்களா? "நீங்கள் சூப்பர்வைசர், உங்களுக்குக் கிடையாது" என்று சொல்லியிருந்தால் அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். பதவியின் பெயரைவிட உண்மையில் என்ன வேலை செய்தீர்கள் என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். லேபில் உட்கார்ந்து நீங்களே டெஸ்ட் எடுத்தவர் என்றால் வாதாட இடமிருக்கிறது. அந்தத் தேதி முதல் அதற்குப் பதிலாகப் புதிய தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதில் ஆட்குறைப்பு செய்யப்படும் தொழிலாளிக்கு வேறு தொழில் கற்க 15 நாள் சம்பளம் தனி நிதியாக வர வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் மில் எந்தத் தேதியில் மூடியது, என்ன என்று எழுதிக் கொடுத்தார்கள் என்பதை எடுத்துக்கொண்டு அருகில் உள்ள தொழிலாளர் அலுவலகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள்.


பனியன் சிட்டி எழுதியது:

நூல்மில்காரர் அண்ணா, நான் திருப்பூரில் மெர்ச்சண்டைசர். உங்கள் ரெஸ்யூமேயில் மில் அனுபவத்தை எப்படி எழுதியிருக்கிறீர்கள்? அந்தப் பகுதியை மட்டும் இங்கே போட முடியுமா?


நூல்மில்காரர் எழுதியது:

வக்கீல் சார், மிக்க நன்றி. கிராஜுவிட்டி வாங்கினேன், மூடல் இழப்பீடு என்று தனியாக எதுவும் தரவில்லை. விசாரிக்கிறேன்.

தம்பி, ரெஸ்யூமேயில் மேலே ஸ்கில்ஸ், சர்டிஃபிகேட், புராஜெக்ட். மில் அனுபவம் கடைசியில் ஒரே வரி: "எஸ்.கியூ.சி. இன்சார்ஜ், ஸ்பின்னிங் மில், 22 வருடம்." துறை மாறுபவர்கள் பழையதைப் பெரிதாகக் காட்டக் கூடாது என்று இன்ஸ்டிடியூட்டில் சொன்னார்கள்.


பனியன் சிட்டி எழுதியது:

அண்ணா, அந்த ஒரு வரிதான் உங்கள் ஆஸ்தி, அதைப் போய்க் கடைசியில் ஒளித்து வைத்திருக்கிறீர்களே!

தினமும் என்ன செய்தீர்கள் என்று நானே சொல்கிறேன், தப்பு இருந்தால் திருத்துங்கள். ஒவ்வொரு பேல் (பொதி) பஞ்சுக்கும் ஹெச்விஐ என்ற சோதனைக் கருவியின் ரிப்போர்ட் வரும்: இழை நீளம், வலிமை, இழையின் நுண்மையைக் காட்டும் மைக்ரோனேர். அதை வைத்துத்தான் எந்த பேலை எந்த மிக்ஸிங்கில் போடுவது என்று முடிவு செய்வீர்கள். இந்த மிக்ஸிங்குக்கும் அடுத்த மிக்ஸிங்குக்கும் மைக்ரோனேர் சராசரி நகர்ந்துவிட்டால், அந்த நூலில் நெய்த துணியைச் சாயம் போட்டதும் பட்டை பட்டையாக விழும். எங்கள் ஊரில் ஒரு லாட்டில் அது வந்தால் சில நேரம் யார் கண்ணிலும் படாமல் சட்டையாகவே போய்விடும், பையர் திருப்பி அனுப்பும்போதுதான் தெரியும். அப்புறம் நூலின் பருமனைச் சொல்லும் கவுண்ட், அது எவ்வளவு மாறுகிறது என்ற சிவி, நூலின் சீரின்மையைக் காட்டும் யூ பர்சன்ட், கிலோமீட்டருக்கு எத்தனை மெல்லிய இடம், தடித்த இடம், சிறு முடிச்சு (தின், திக், நெப்), நூல் நூற்கும் ரிங் ஃபிரேமில் எந்த ஸ்பிண்டில் தொடர்ந்து தப்பு செய்கிறது. கன்ட்ரோல் சார்ட் போட்டு, வரம்பைத் தாண்டினால் மெயின்டெனன்ஸைக் கூப்பிடுவீர்கள். ஜவுளி ஆராய்ச்சி அமைப்பான சிட்ரா பல மில்களை ஒப்பிட்டு நடத்தும் இன்டர்மில் ஆய்வு முடிவுகளோடு உங்கள் மில்லை ஒப்பிட்டு மேனேஜருக்கு ரிப்போர்ட் கொடுத்திருப்பீர்கள்.

இது டேட்டா அனலிசிஸ் இல்லையென்றால் வேறென்ன? இன்ஸ்டிடியூட்டில் டவுன்லோடு பண்ணிய ஃபைலை வைத்துச் செய்த புராஜெக்ட் எல்லா ஃபிரஷரிடமும் இருக்கிறது. உங்களிடம் இருப்பது, எண் தவறினால் மறுநாள் சரக்கு திரும்பி வரும் என்ற நிலையில் எடுத்த முடிவுகள். அதைத்தான் முதல் பக்கத்தில் எழுத வேண்டும்.


நூல்மில்காரர் எழுதியது:

நீங்கள் சொன்னது அத்தனையும் சரி தம்பி. ஸ்பிண்டில் விஷயம் உட்பட.

ஆனால் ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கடைசியில் எல்லோரும் பழைய துறைக்கே திரும்பிப் போ என்றுதான் சொல்கிறீர்கள். மில்களே ஒவ்வொன்றாக நிற்கும்போது அங்கே போய் யாரிடம் வேலை கேட்பது? அதிலிருந்து வெளியே வரத்தானே இவ்வளவு பாடுபட்டேன்?


பனியன் சிட்டி எழுதியது:

மில்லுக்குப் போகச் சொல்லவில்லை அண்ணா. மில்லைப் பற்றித் தெரிந்தவர் தேவைப்படுகிற, ஆனால் மில் இல்லாத இடங்களைச் சொல்கிறேன். வெளிநாட்டு பையர்களுக்காகத் துணி வாங்கித் தரும் பையிங் ஹவுஸ்களில் நூல், துணித் தரம் பார்க்கும் பிரிவு. டெஸ்டிங் லேப்கள். ஸ்பின்னிங் மெஷினுக்கும் டெஸ்டிங் கருவிக்கும் கண்காணிப்பு மென்பொருள் செய்பவர்கள். மில்களுக்கும் கார்மென்ட் யூனிட்களுக்கும் ஈஆர்பி என்ற நிர்வாக மென்பொருள் போட்டுக் கொடுக்கும் சின்னக் கம்பெனிகள் கோவையிலும் திருப்பூரிலும் இருக்கின்றன. அங்கே கோடு எழுதும் பிள்ளைகளுக்கு கார்டிங் எது, சிம்ப்ளெக்ஸ் எது என்று தெரியாது. மில்காரர் சொல்வது புரியாமல் திணறுவார்கள். இரண்டு பக்கமும் பேசத் தெரிந்தவர் கிடைத்தால் அவர்கள் வயதைக் கேட்பதில்லை, எங்கள் யூனிட்டுக்கு ஈஆர்பி போட வந்தவருக்கே ஐம்பதுக்கு மேல் இருக்கும்.


முன்னாள் ஹவில்தார் எழுதியது:

ராணுவத்தில் சிப்பாயாகச் சேர்ந்தவர்களுக்கு நாற்பதை ஒட்டி ஓய்வு வந்துவிடும். எங்களில் எல்லோருமே இந்த உரையாடலில் பேசும் நிலைமையைக் கடந்துதான் வருகிறோம். அரசு வேலையில் எங்களுக்கு வயதுத் தளர்வு உண்டு. மத்திய அரசுப் பணி என்றால் பணியாற்றிய வருடங்களை வயதிலிருந்து கழித்து, அதற்கு மேல் 3 வருடம் சலுகை. தமிழக அரசின் முன்னாள் ராணுவத்தினர் கழகமான டெக்ஸ்கோ மூலமும் வேலை கிடைக்கும். அந்தக் கழித்தல் கணக்கைக் கவனியுங்கள். "இந்த வருடங்களை நீ வீணாக்கவில்லை" என்று அரசாங்கமே எழுத்தில் ஒப்புக்கொள்கிறது. மில்லில் உழைத்தவருக்கு அப்படி ஒப்புக்கொள்ள யாரும் இல்லை.

தனியாரில் எங்களுக்கும் கஷ்டம்தான். முன்னாள் ராணுவம் என்றதும் செக்யூரிட்டி வேலையைத்தான் நீட்டுவார்கள். நான் ராணுவத்தில் கருவிகளையும் வண்டிகளையும் பராமரிக்கும் ஈஎம்இ பிரிவில் வண்டிகளின் உதிரிபாக ஸ்டோரைப் பார்த்தவன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஆட்டோ பாகக் கம்பெனியில் ஸ்டோர்ஸில் சேர்ந்தேன். ரெஸ்யூமேயில் ரேங்க், யூனிட் எல்லாம் எடுத்துவிட்டு, எத்தனை வகைப் பாகம், இருப்பு எப்படிச் சரிபார்த்தேன், ஆடிட்டில் என்ன நடந்தது என்று அவர்கள் புழங்கும் சொற்களில் எழுதிய பிறகுதான் கூப்பிட்டார்கள். திருப்பூர் தம்பி சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை.


கணபதி பட்டறை எழுதியது:

நான் கோவை கணபதியில் சின்ன யூனிட் வைத்திருக்கிறேன், பம்புக்குப் பாகங்கள் செய்கிறோம். என்னிடம் 45-க்கு மேல் வயதுள்ளவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். கடைசியாகச் சேர்ந்தவர் ஜவுளிக்கடையில் கணக்குப் பார்த்தவர், இங்கே பிளானிங்கும் டெஸ்பாட்சும் பார்க்கிறார். கஸ்டமர் கத்தினால் பதறாமல் பேசுவார். அந்த நிதானத்தை நான் எந்த டிரெய்னிங்கில் கொடுக்க முடியும்? நேர்பட தம்பி சொல்கிற 23 வயதுப் பையன்களை நானும் எடுத்தேன். நல்ல பையன்கள்தான். வேலை பிடிபட்டதும் கிளம்பிவிடுகிறார்கள், அது அவர்கள் உரிமை. நான் மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஆனால் எனக்கும் ஒரு தயக்கம் இருக்கும், மறைக்காமல் சொல்கிறேன். வயதில் மூத்தவர் வந்து முதல் நாளே "எங்க கம்பெனியில இப்படித்தான் செய்வோம்" என்று ஆரம்பித்தால் மற்றவர்கள் முகம் மாறிவிடும். நேர்முகத்தில் நான் கவனிப்பது அதை மட்டும்தான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, சின்னப் பையனிடம் கேட்டுத் தெரிந்துகொள்வாரா என்று பார்ப்பேன். அதைக்கூட வயதை வைத்து முடிவு செய்ய முடியாது, பேசிப் பார்த்தால்தான் தெரியும்.

எங்களைப் போன்ற யூனிட்கள் வெப்சைட்டில் ஆள் தேடுவதில்லை சார். தெரிந்தவர் சொன்னால், இல்லையென்றால் நேரில் வந்து கேட்டால்தான். கொடிசியாவில் கண்காட்சி நடக்கும்போது ஸ்டால் ஸ்டாலாகப் போய் முதலாளியிடமே பேசுங்கள். ஃபில்டர் எல்லாம் அங்கே கிடையாது.


தேக்கா வாசி எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே கப்பல் பட்டறையிலிருந்து லாஜிஸ்டிக்ஸுக்கு மாறியவன், ஐம்பதைத் தாண்டிவிட்டேன். சட்டம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இங்கே வேலையிடப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்தை 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது, அதில் வயதும் இருக்கிறது. 25 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனங்களுக்கு முதலில் விலக்கு. 40 வயதைத் தொட்ட குடிமக்களுக்கு 2024 மே மாதம் அரசின் பயிற்சி உதவிக் கணக்கான ஸ்கில்ஸ்ஃபியூச்சரில் கூடுதலாக 4,000 வெள்ளி போட்டார்கள், வேறு துறைக்கான படிப்புக்குச் செலவழிக்கலாம். துறை மாறி வருபவரை எடுத்துப் பயிற்சி கொடுக்கும் முதலாளிக்கு அந்தக் காலத்துச் சம்பளத்தில் பெரிய பங்கை அரசாங்கம் கொடுக்கிறது, 40-க்கு மேற்பட்டவர் என்றால் இன்னும் கூடுதல். என்னை எடுத்த முதலாளி அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் எடுத்தார், என்னிடமே சொன்னார். எனக்கு அதில் வருத்தமில்லை. ஆறு மாதத்தில் வேலையைக் காட்டிவிட்டேன்.

பார்வை முழுக்க மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இங்கேயும் "டீம் ரொம்ப யங்" என்று சொல்லித் தட்டிக்கழிப்பவர்கள் உண்டு. ஆனால் விளம்பரத்தில் துணிந்து வயதைப் போட மாட்டார்கள்.


பிஎஃப் கணக்கர் எழுதியது:

ஒரு அவசர விஷயம். இடைவெளியில் இருப்பவர்கள் பிஎஃப்-ஐ முழுசாக எடுத்துவிடாதீர்கள். பென்ஷன் பகுதிக்கு 10 வருட சேவை இருந்தால் 58-ல் மாதாந்திரப் பென்ஷன் உண்டு. 50-லிருந்தே வாங்கலாம், ஆனால் 58-க்கு எத்தனை வருடம் முன்னால் வாங்குகிறீர்களோ, வருடத்துக்கு 4 சதவீதம் வெட்டு விழும், அது நிரந்தரம். உங்கள் பிஎஃப் அடையாள எண்ணான யுஏஎன்-ஐயே புதிய இடத்திலும் கொடுத்துத் தொடருங்கள். குரூப் இன்ஷூரன்ஸ் மட்டும் இருந்து வேலை போனவர்கள், தனிப் பாலிசிக்கு மாற்ற முடியுமா என்று அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியில் உடனே கேளுங்கள். 46-ல் சர்க்கரையோ பிரஷரோ வந்த பிறகு புதிதாகப் போட்டால் காத்திருப்புக் காலம் மறுபடி முதலிலிருந்து ஓடும்.


ஐம்பத்தொன்று எழுதியது:

எல்லோருடைய அனுபவத்தையும் படித்தேன். ரெஸ்யூமேயை மாற்று, நேரில் போய்க் கேள், தெரிந்தவர் மூலம் போ. எல்லாம் நல்ல யோசனைகள், நானும் செய்கிறேன். அச்சகத்தில் ப்ளேட் செய்யும் வேலையில் இருந்தவன் நான். என் பழைய வேலைக்குப் பக்கத்து வேலை என்று ஒன்று இல்லை, அந்தத் தொழிலே கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. என்னைப் போன்றவர்களுக்கு இந்த யோசனைகள் பாதி தூரம்தான் வரும்.

அரசாங்கத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தால் என்ன இருக்கிறது? மத்திய அரசின் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் 2024-ல் தொடங்கியபோது 21 முதல் 24 வயது வரைதான். கிராமப்புறத் திறன் பயிற்சித் திட்டமான டிடியு-ஜிகேஒய் பொதுவாக 15 முதல் 35 வரை. தமிழக அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை 40 வயதுக்குள் இருக்க வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. என்றால் 45. பட்டதாரிக்கே மாதம் 600 ரூபாய்தான். மூத்தவர்களுக்கு வேலை தேடித்தர 2021 அக்டோபரில் மத்திய அரசு ஒரு இணையதளம் தொடங்கியது, அதில் சேர 60 ஆகியிருக்க வேண்டும். வேலையில்லாமல் நிற்கும் ஒருவனுக்கு 45-லிருந்து 60 வரை என்ன வழி? அந்தப் பதினைந்து வருடத்தில்தான் பிள்ளைகளின் காலேஜ் பீஸ், கல்யாணம், பெற்றோரின் மருத்துவச் செலவு எல்லாம் ஒன்றாக வந்து நிற்கிறது.

தமிழக அரசு ஊழியர்களின் ஓய்வு வயதை 2020-ல் 58-லிருந்து 59 ஆக்கினார்கள், 2021-ல் 60 ஆக்கினார்கள். 60 வயது வரை ஒருவரால் நன்றாக வேலை செய்ய முடியும் என்று அரசே நம்புகிறது. அப்படியானால் வெளியே இருக்கும் 46 வயதுக்காரரைப் பார்த்து வயதாகிவிட்டது என்று சொல்ல எப்படி விடலாம்? சிங்கப்பூர்க்காரர் சொன்ன மாதிரி, துறை மாறி வருபவரை எடுக்கும் முதலாளிக்கு ஆறு மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு கொடுத்தால் கணபதி பட்டறை போன்றவர்கள் எத்தனை பேரை எடுப்பார்கள்! தனியார் விளம்பரத்திலும் ஆன்லைன் படிவத்திலும் வயது கேட்கக் கூடாது என்று ஒரு விதி வந்தால் பாதிக் கதவு திறக்கும். சாக்பீஸ் மேடம் சொன்னதுபோல ஆசிரியர்கள் கேட்டு வாங்கினார்கள். நாம் சிதறிக் கிடக்கிறோம், அதனால் யாரும் கேட்கவில்லை. நான் ஒரு மனு எழுதுகிறேன். உதவித்தொகை வயது வரம்பு, பயிற்சித் திட்டங்களின் வயது வரம்பு, விளம்பரத்தில் வயது. இந்த மூன்று மட்டும்.


நேர்பட எழுதியது:

படித்தேன். ஒரே தகுதி என்றால் இளையவரை எடுப்பேன் என்று சொன்னதில் இப்போதும் மாறவில்லை. ஆனால் எஸ்.கியூ.சி. வேலை பற்றி அந்தத் திருப்பூர் நண்பர் எழுதியதைப் பார்த்த பிறகு, இங்கே இரண்டு பேருக்கும் ஒரே தகுதி இல்லை என்பது தெரிகிறது. பார்க்காமலே ஃபில்டரில் தள்ளுவது முதலாளிக்கும் நஷ்டம்தான். விளம்பரத்தில் வயது கூடாது என்ற கோரிக்கையில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.


ரெக்ரூட்டர் சென்னை எழுதியது:

என் பங்குக்கு நான் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இனி "முப்பதுக்குள்ள பாருங்க" என்று போன் வந்தால், அதை மெயிலில் எழுதி அனுப்பச் சொல்லப் போகிறேன். எழுத்தில் தர நிறையப் பேர் தயங்குவார்கள். எழுதித் தராத வரை ஃபில்டரைத் தொட மாட்டேன். என்னோடு வேலை செய்யும் மற்றவர்களிடமும் சொல்கிறேன். நூல்மில்காரர் சார், மாற்றி எழுதிய ரெஸ்யூமேயை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். ஜவுளி ஈஆர்பி செய்யும் ஒரு கஸ்டமர் எங்களுக்கு இருக்கிறார்.


மதுரை வக்கீல் எழுதியது:

ஐம்பத்தொன்று அவர்களே, மனுவைத் தொழிலாளர் துறைக்கும் வேலைவாய்ப்பு, பயிற்சித் துறைக்கும் தனித்தனியாக முகவரியிடுங்கள். உதவித்தொகையும் விளம்பரமும் ஒரே மேஜைக்குப் போகாது. அவரவர் மாவட்டத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். மனுவோடு வயது வரம்பு போட்ட விளம்பரங்களின் நகலையும், படித்து முடித்த வருடம் இல்லாத அந்த ஆன்லைன் படிவத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் தேதியோடு இணையுங்கள். வரைவை இங்கே போட்டால் நான் பார்த்துத் திருத்தித் தருகிறேன், கட்டணம் எதுவும் வேண்டாம்.